ஹெட்ஃபோனுக்குள் அடித்த வாசல் மணி

அந்தக் காது டாக்டரின் கிளினிக்கில் அவள் இருக்கும் பக்கம் யாரும் உரக்கத் தும்மக்கூட மாட்டார்கள். கேட்கும் திறனைச் சோதிக்கும் அறை அவளுடைய ராஜ்ஜியம். வெளியே நடைவழியில் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் போதும், கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, "உஷ்!" என்பாள். பாம்பு சீறினால்கூட அவ்வளவு பயம் வராது. நேரில் எல்லோருக்கும் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'உஷ்ஷம்மா'. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி வாய்தவறி, "உஷ்ஷம்மா, டாக்டர் கூப்பிடறார்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டபோது, "அதையும் மெதுவாச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்துநாலு வருஷம் அந்த அறையில் போயிருந்தது. அறைக்குள்ளே இன்னொரு குட்டி அறை இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு, இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஜன்னல், இழுத்துச் சாத்த இரண்டு கையும் வேண்டிய கதவு. சோதனைக்கு வந்தவரை அதற்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். "மணி மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் வரும். கேட்டா அமுக்குங்க. கேட்கலைன்னா சும்மா இருங்க. பேசக்கூடாது." பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலியாக உள்ளே அனுப்புவாள். அவர் அமுக்கினால் அவள் முன்னால் ஒரு விளக்கு எரியும். எந்த ஒலி எவ்வளவு மெல்லிசாகப் போகும்வரை கேட்கிறது என்று குறித்துக்கொண்டே போனால் காதின் ஜாதகம் கைக்கு வந்துவிடும்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பொய்க் காதைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சலுகைக்காகச் செவிடு மாதிரி நடிப்பவர்கள், வேலை போய்விடுமே என்று கேட்காததைக் கேட்டதாகச் சொல்பவர்கள் எல்லோரையும் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தே பிடித்துவிடுவாள். இந்தப் பாடத்தை அவள் கற்றது வீட்டில். புருஷன் அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓட்டிக் காது மந்தமானவர். "கடைக்குப் போயிட்டு வாங்க" என்றால் கேட்காது. "சாப்பாடு ரெடி" என்று அடுத்த அறையில் முணுமுணுத்தால் தட்டோடு வந்து நிற்பார். பாதிச் செவிடு, மீதி சாமர்த்தியம் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அந்த முடிவைத்தான் வருகிற எல்லோர் தலையிலும் வைத்தாள்.

கிளினிக்கின் நிர்வாகம் டாக்டரின் மனைவியுடைய தம்பி கையில் இருந்தது. டாக்டர் அவரை 'மச்சான்' என்று கூப்பிடுவார். அதனால் கிளினிக் முழுக்க 'மச்சான் சார்'. உஷ்ஷம்மாவுக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். அவர் போனில் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். அவள் உஷ் என்றால் அவர் இன்னும் ஒரு படி ஏற்றிப் பேசுவார்.

திருகு பொத்தான்கள் வைத்த பழைய சோதனை மெஷின் ஒருநாள் உயிரைவிட்டது. புதிதாக வந்தது மெஷினே இல்லை. ஒரு சின்னப் பெட்டி. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் சோதனை முழுக்கத் திரையிலேயே நடக்கும். "அதுக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் எதுக்கு? என்னோடதுலயே போட்டுக்கலாம்" என்று மச்சான் சார் தன்னுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சோதனை அறையில் வைத்தார். கூடவே அவரும் வந்தார். காலையில் ஒன்பது மணிவரைக்கும், மதியம் சாப்பிட்டு முடித்ததும், நடுநடுவே நோயாளிகளின் நேரத்தைக் குறிக்கிற சாக்கிலும் அவள் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். எழுந்து போனால் நாற்காலி சூடாக இருக்கும். அது அவளுக்குப் பிடிக்காது.

அவருக்கு வீடு பார்க்கிற பைத்தியம். வாங்குகிற வீடு இல்லை, பார்க்கிற வீடு. நீச்சல் குளம் உள்ளது, மாடியில் தோட்டம் உள்ளது என்று ஒவ்வொன்றாகப் பிரவுசரில் திறப்பார். எதையும் மூடமாட்டார். திரையின் உச்சியில் டேப்கள் முப்பது, நாற்பது என்று நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொன்றும் நகத்தின் அகலம்தான். "நாளைக்கு நிதானமாப் பார்க்கணும்" என்பார். நோயாளி வந்தால் அதையெல்லாம் கீழே இறக்கி மறைத்துவிட்டு எழுந்துபோவார்.

புதுப் பெட்டி வந்து ஒரு மாதத்தில், வயதான தையல்காரம்மா ஒருத்தி சோதனையின் நடுவில் பட்டனைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"யாரோ என்னைக் கூப்பிடறாங்கம்மா. 'உள்ள வாங்க, இது உங்க வீடு'ன்னு. ரொம்ப அன்பா."

"உள்ள நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

"அதான் பயமா இருக்கு."

உஷ்ஷம்மா அலுத்துக்கொண்டாள். 'குரல்கள் கேட்பதாகச் சொல்கிறார்' என்று சீட்டில் எழுதினாள். டாக்டர் அதைப் பார்த்து நரம்பு டாக்டருக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பேர் ஏதோ முனகினார்கள். "பேசாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டாள்.

நாலாவது மாதம் கிரேன்காரர் வந்தார். பெரிய இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது வயதுக்குள் இருக்கும், வாட்டசாட்டமான ஆள். கீழே நிற்பவன் கத்துவது மேலே கூண்டில் இருப்பவருக்குக் கேட்டாக வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை காதுச் சோதனை. தேறினால்தான் கூண்டுக்குள் ஏறலாம்.

அன்றைக்கு அவர் கண்டபடி அமுக்கினார். அவள் ஒலி அனுப்பாதபோது இரண்டு முறை, மூன்று முறை தொடர்ந்து விளக்கு எரிந்தது. அனுப்பியபோது தயங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். 'ஆஹா, என்ன நடிப்பு' என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவர், "மேடம், உள்ள ஒரு பொம்பளை பேசறாங்க. வாசல் மணி வேற டிங் டிங்னு அடிக்குது. எதுக்கு அமுக்கறதுன்னே தெரியலை" என்றார்.

"காது கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லணும். ஊகத்துல அமுக்கிட்டுக் கதை சொல்லக்கூடாது."

"கதையா?"

"இருபத்துநாலு வருஷமா நான் கேட்காத கதையா?"

சீட்டில் எழுதினாள்: 'பதில்கள் நம்பத்தக்கவை அல்ல. வேண்டுமென்றே தவறாகப் பதிலளிக்கிறார்.' கீழே கையெழுத்து. அதற்குக் கீழே டாக்டரின் கையெழுத்து. டாக்டர் படித்தாரா என்பது சந்தேகம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு முற்பகலில் கிரேன்காரரின் மனைவி வந்தாள். ஒல்லியான உருவம், குரல் மட்டும் வெண்கலம். நடைவழியில் நின்றே ஆரம்பித்தாள்.

"யாருங்க அது, என் வீட்டுக்காரரைப் பொய்க்காரர்னு எழுதினது?"

உஷ்ஷம்மா கதவைத் திறந்து, "உஷ்! உள்ள சோதனை நடக்குது" என்றாள்.

"எனக்கே உஷ்ஷா? கிரேன்லேர்ந்து இறக்கிட்டாங்க. கேட்டுல உட்கார்ந்து லாரி நம்பர் எழுதறார். கூட வேலை செய்றவங்க 'என்னப்பா, பொம்பளைக் குரல் கேட்குதா'ன்னு தினமும் கிண்டல். வீட்டுல வாயைத் திறக்க மாட்டேங்கறார். அவர் என்ன வேணா செய்வார், பொய் மட்டும் சொல்ல மாட்டார். சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு!"

"எல்லாப் பொண்டாட்டியும் இதைத்தான் சொல்வாங்க."

"நீங்க உள்ள உட்கார்ந்து கேட்டுப் பார்த்தீங்களா? ஒரே ஒரு தடவையாவது?"

மச்சான் சார் ஓடிவந்து அந்தப் பெண்ணை வாசல்வரை தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார். ஆனால் அந்தக் கேள்வி அறையைவிட்டுப் போகவில்லை. உஷ்ஷம்மா கேட்டதில்லை. பழைய மெஷினில் தினமும் காலையில் உட்கார்ந்து கேட்பாள். புதியது கம்ப்யூட்டர், அதுவே எல்லாம் சரிபார்த்துக்கொள்ளும் என்று மச்சான் சார் சொன்னதோடு விட்டிருந்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் குட்டி அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். ஒன்றுமில்லை. தன் மூச்சுதான் கேட்டது. ஐந்து நிமிஷம் போயிற்று. 'அவ பேச்சைக் கேட்டு நான் இங்க வந்து உட்கார்ந்தேனே' என்று எழப்போனாள்.

டிங்.

காதோரத்தில், எறும்பு ஊர்வதுபோல மெல்லிசாக ஒரு வாசல் மணி. மறுபடியும் டிங். பிறகு தேன் தடவிய ஒரு பெண் குரல்: "உள்ள வாங்க. இது உங்க வீடு."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். குரலுக்குப் பயந்து இல்லை. தையல்காரம்மாவின் வெளுத்த முகமும் தான் எழுதின எழுத்தும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன.

வெளியே வந்து திரையைப் பார்த்தாள். அறையில் துளி சத்தமில்லை. கீழே மறைந்திருந்த பிரவுசரை மேலே கொண்டுவந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டேப் வரிசையை ஒவ்வொன்றாக, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள். இருபத்தாறாவது டேப்பின் ஓரத்தில் கடுகளவு ஒரு ஸ்பீக்கர் படம் இருந்தது. அதைத் திறந்தால் மாளிகை மாதிரி ஒரு வீடு. அதன் விளம்பரம் தானாக ஓடி நின்று, ஒன்பது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே மறுபடி தொடங்கியது. அந்த டேப்பின் மேல் வலது பட்டனை அழுத்தினாள். வந்த பட்டியலில், தளத்தின் ஒலியை நிறுத்து என்று ஒரு வரி. அழுத்தினாள். ஸ்பீக்கர் படத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. இவ்வளவுதான் வேலை. ஒரு விரல் வேலை.

பெட்டியைப் பொருத்திக் கொடுத்தவருக்குப் போன் போட்டாள்.

"அதுவா மேடம்? அந்தப் பெட்டியைச் செருகினா கம்ப்யூட்டர் அதைத்தான் ஸ்பீக்கர்னு நினைச்சுக்கும். வர்ற சத்தம் எல்லாத்தையும் ஹெட்ஃபோனுக்குள்ள தள்ளிடும். அதனாலதான் சோதனை நேரத்துல வேற எதையும் திறந்து வைக்கக்கூடாதுன்னு சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க மேனேஜர்கிட்டதான். எழுதியே கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரே."

மச்சான் சார் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தபோது அவள் அவருடைய நாற்காலியில், அதாவது தன்னுடைய நாற்காலியில், உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார். முதலில் கேட்ட கேள்வி, "என் டேப்ல யாரு கை வச்சது?"

"அஞ்சு மாசமா உங்க வீட்டு விளம்பரம் நோயாளிங்க காதுல ஓடிக்கிட்டிருக்கு."

"அதான் முன்ன மாதிரி சத்தம் வெளியே வரலையா! நானும் சனியன் தானாவே ஒழிஞ்சதுன்னு நினைச்சேன்."

"உங்ககிட்ட எழுதிக் கொடுத்திருக்காங்க."

அவர் முகம் மாறியது. கதவைச் சாத்தினார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "இதப் பாருங்க. அந்தச் சீட்டு எல்லாத்துலயும் கையெழுத்து யாரோடது? என்னோடதா? ஊரைக் கூட்டினா நாறப்போறது உங்க பேரு. பேசாம இருங்க. அதான் உங்களுக்கு நல்லா வருமே."

மறுநாள் காலை அவள் வந்தபோது அந்தக் கோடு போயிருந்தது. மறுபடி ஒலியை நிறுத்தினாள். மதியத்துக்குள் மச்சான் சார் மறுபடி திறந்திருந்தார். "என் கம்ப்யூட்டர்ல என்ன ஓடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." மூன்றாம் நாள் அவள் பிரவுசரின் அமைப்புகளுக்குள் போய், எந்தத் தளமும் ஒலி எழுப்பக்கூடாது என்று ஒரேயடியாக அடைத்தாள். அவர் அதைத் திறந்துவிட்டு, கம்ப்யூட்டருக்கே கடவுச்சொல் போட்டார். சோதனைக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்க, அவள் போய் அவர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. அவர் ஆடி அசைந்து வந்து, திரைக்குக் குறுக்கே உடம்பை வளைத்து மறைத்துக்கொண்டு திறந்துவிட்டார். அவள் அவர் கண்முன்னாலேயே பிரவுசரை டேப்களோடு மொத்தமாக மூடினாள். நாற்பத்தொரு வீடும் ஒரே நொடியில் இடிந்தது.

"என்னோட இத்தனை மாச வேலை!" என்று அவர் அலறினார்.

"உஷ்" என்றாள்.

விவகாரம் டாக்டரிடம் போனது. டாக்டர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். கேட்டுவிட்டு மேஜையில் இருந்த காகித எடையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "இனிமே கவனமா இருக்கலாம். நடந்தது நடந்துபோச்சு."

"நடந்து போகலை சார். கிரேன்காரர் கேட்டுல உட்கார்ந்திருக்கார். சோதனை தப்புன்னு நாம கடிதம் கொடுக்கணும்."

"அவசரப்படாதீங்க. கிளினிக் பேரு இருக்கு."

"நீங்க கொடுக்கலைன்னா நான் கொடுப்பேன்."

"கொடுங்க பார்க்கலாம்" என்றார் மச்சான் சார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் ஒரு வாரம் யோசித்திருப்பாள். அன்று சாயங்காலமே எழுதினாள். 'ஹெட்ஃபோனில் வேறு ஒலி கலந்திருந்தது. அவர் சொன்னது உண்மை. நான் சரிபார்க்காமல் எழுதினேன்.' இரண்டு பஸ் மாறி இரும்புக் கிடங்குக்குப் போய், பாதுகாப்பு அதிகாரியின் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினாள். கேட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்த கிரேன்காரர் அவளைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. லாரி நம்பரை எழுதுவதைத் தொடர்ந்தார்.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் கத்திய கத்தலில் நடைவழியில் காத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலையைவிட்டு அனுப்பப் போவதாகச் சொன்னார். அனுப்பினால் மறுநாள் சோதனை அறையில் யார் உட்காருவார் என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் கத்தலோடு நின்றது.

அவள் நிற்கவில்லை. ஒலி அனுப்பாதபோது விழுந்த அமுக்கல்களையெல்லாம் அந்தப் பெட்டியோடு வந்த சோதனை நிரல் குறித்து வைத்திருந்தது. அப்படி அறுபத்தொரு பேர். தன் சொந்தப் போனிலிருந்து, சாப்பாட்டு வேளையில், ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிலர் வைத்துவிட்டார்கள். ஒருவர், "போன தடவை வாயை மூடுன்னு சொன்னது நீங்கதானே? இப்ப நான் சொல்றேன்" என்றார். தையல்காரம்மாவை வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். சாவு வந்து கூப்பிடுகிறது என்று நம்பி, தையல் மெஷினை மருமகளுக்கு எழுதிவைத்துவிட்டு, மாத்திரை தின்றுகொண்டு படுத்திருந்தாள் அவள். விஷயத்தைச் சொன்னதும் பயம் தெளிந்தது. தெளிந்த இடத்தில் ஆத்திரம் ஏறியது.

"விளம்பரமா? ஒரு விளம்பரத்துக்கா நான் சாகத் தயாரானேன்? வெளிய போம்மா! போ வெளியே!"

உஷ்ஷம்மா போனாள். தெருவில் இறங்கி நடக்கும்போது அந்தக் கத்தல் நியாயம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. நியாயமாக இருந்ததால் வலி குறையவில்லை.

கிரேன்காரர் மனைவியோடு மறுசோதனைக்கு வந்தார். "கம்பெனி அனுப்புச்சு, வந்தேன். மத்தபடி உங்க கையால சோதனை பண்ணிக்க எனக்கு இஷ்டமில்லை" என்றார்.

"தெரியும். உட்காருங்க."

அவர் முன்னாலேயே முதலில் அவள் உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பிறகுதான் அவரை உட்காரவைத்தாள். இந்தமுறை விளக்கு ஒழுங்காக எரிந்தது. வலது காது சுத்தம். இடது காதில் உச்ச ஒலிகளில் மட்டும் கொஞ்சம் மந்தம். கிரேன் ஓட்டத் தடையில்லை.

"இடது காதை வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்த்துக்குங்க. இது நிஜம்" என்றாள்.

"எது நிஜம், எது பொய்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் அவர்.

"நான் எழுதினது தப்பு."

மனைவி குறுக்கே வந்தாள். "தப்புன்னு சொல்லிட்டீங்க, எழுதியும் கொடுத்துட்டீங்க. சரி. அந்த ஏழு வாரம் இவர் ராத்திரி பகலா 'எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா'ன்னு என்னையே கேட்டுக்கிட்டிருந்தாரே, அதை எந்தச் சீட்டுல எழுதுவீங்க?"

உஷ்ஷம்மா சீட்டை நீட்டினாள். அந்தப் பெண் அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை அவர் கூண்டுக்குள் ஏறிவிட்டதாகப் பாதுகாப்பு அதிகாரி சொல்லித்தான் தெரியும். அவர்கள் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

அறுபத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் மறுபடி வந்தார்கள். பதினாலு பேருக்கு முடிவு மாறியது. அந்தப் பதினாலு பழைய சீட்டுகளையும் அவள் கிழித்துப் போடவில்லை. ஒவ்வொன்றின் குறுக்கிலும் 'தவறு' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுப் புதியதோடு சேர்த்துக் குத்தி வைத்தாள்.

டாக்டர் கடைசியில் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கினார். மச்சான் சார் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் மேஜைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றடி தூரத்தில் அவள் நிற்கும்போதே நர்ஸைக் கூப்பிட்டு, "அந்தம்மாகிட்ட சொல்லு, அடுத்த ஆள் வந்தாச்சு" என்பார். அவளும் நர்ஸைப் பார்த்தே, "அவர்கிட்ட சொல்லு, அந்த ஆளை இருக்கச் சொல்லி" என்பாள். நடுவில் நிற்கும் நர்ஸ் இரண்டு பேருக்கும் கேட்டதையே இரண்டு பேருக்கும் திருப்பிச் சொல்லி வாய் வலித்துப்போவாள்.

புதுக் கம்ப்யூட்டரில் சோதனை நிரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் அவளே உள்ளே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவாள். அதனால் ஒருநாளைக்கு இரண்டு பேர் குறைந்துபோகிறார்கள் என்று மச்சான் சார் டாக்டரிடம் புகார் எழுதிக் கொடுத்தார். டாக்டர் அதைக் கோப்பில் வைத்தார். நோயாளிகள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தார்கள்.

"என்னம்மா, நாங்க இங்க காத்திருக்கோம், நீங்க உள்ள போய் உட்கார்ந்துட்டீங்க?" என்று ஒருவர் ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"உள்ள யாராவது பேசறாங்களான்னு பார்க்கிறேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவள் கதவை இரண்டு கையாலும் திறந்து பிடித்து, அடுத்தவரை உள்ளே அழைத்தாள்.